பிரான்சுவா பினோ: மரவாடியிலிருந்து அருங்காட்சியகம் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த பிரான்சுவா பினோ?

பிரெஞ்சுத் தொழிலதிபர். 1936 ஆகஸ்ட் 21 அன்று பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனி பகுதியில் பிறந்தவர். மர வியாபாரத்தில் தொடங்கியவர். கூச்சி, ஈவ் சான் லோரான், பலென்சியாகா போன்ற ஆடம்பர ஃபேஷன் பெயர்களைத் தன்னகத்தே வைத்திருக்கும் கெரிங் குழுமம் இவர் போட்ட அடித்தளத்தில் நிற்கிறது. கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் இவர் குடும்பத்தின் சொத்து. 350க்கும் மேற்பட்ட கலைஞர்களின் 10,000க்கும் அதிகமான படைப்புகளைச் சேர்த்து, வெனிஸிலும் பாரிஸிலும் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்.

பணக்காரர் படம் வாங்குவதில் என்ன புதுமை என்று கேட்கலாம். புதுமை எதுவும் இல்லைதான். ஆனால் இவருடைய வாழ்க்கையில் ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது: மற்றவர்கள் கைகழுவியதை எடுத்து, செலவு செய்து, நிமிர்த்துவது. நலிந்த ஆலைகளில் அதைக் கற்றார். பிறகு பயனற்றுக் கிடந்த கட்டடங்களில் அதையே செய்தார். இவருடைய வியாபாரத்தையும் கலை ஆர்வத்தையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுகிறவர்கள் இந்த இழையைத் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு படித்தவர்?

16 வயதில் பள்ளியை விட்டார். அப்பா கிராமத்தில் மரம் அறுக்கும் சிறிய ஆலை நடத்தியவர். ரென் நகரத்துப் பள்ளிக்குப் போனபோது, இவருடைய நாட்டுப்புறப் பேச்சைக் கேட்டு மற்ற பையன்கள் கேலி செய்தார்கள். அந்த அவமானத்தை இவர் மறக்கவில்லை. பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு ஆலையில் வேலை, அல்ஜீரியப் போரில் கட்டாய இராணுவச் சேவை, திரும்பி வந்து மறுபடியும் மரம். பட்டம் எதுவும் கிடையாது. பிரான்சில் பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் பெரும்பாலும் ஒருசில உயர்கல்வி நிறுவனங்களிலிருந்துதான் வருவார்கள். அந்த வட்டத்துக்குள் இவர் கடைசிவரை வெளியாள்தான்.

மர வியாபாரத்தில் அவ்வளவு பணம் எப்படி வந்தது?

1960களின் தொடக்கத்தில் ரென் நகரில் சொந்தமாக மரவாடி போட்டார். அப்போது வெளிநாட்டு மரம் பல இடைத்தரகர்கள் கைமாறித்தான் கடைக்கு வந்து சேரும். பினோ இறக்குமதியில் நேரடியாக இறங்கி, அந்தக் கைகளைக் குறைத்தார். விலை குறைந்தது, வியாபாரம் பெருகியது.

1970களில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்குத் தன் தொழிலின் பெரும்பங்கை நல்ல விலைக்கு விற்றார். மரத்தின் விலை சரிந்து அந்த நிறுவனம் தடுமாறியபோது, விற்ற விலையில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து அதையே திரும்ப வாங்கிக்கொண்டார். அவரை ஊர் முழுக்கப் பேச வைத்த காரியம் இது.

1980களில் முறையே இதுவாக ஆகிவிட்டது. திவாலாகிக்கொண்டிருந்த ஒட்டுப்பலகை நிறுவனம் இசொருவா, காகித ஆலையான ஷப்பேல் தார்ப்ளே இரண்டையும் எடுத்தார். பிரெஞ்சு அரசுக்கு வேலையிழப்பைப் பற்றிய பயம் இருந்தது. அதனால் இப்படிப்பட்ட ஆலைகளை எடுப்பவர்களுக்குச் சலுகைகள் கிடைத்தன. பினோ அந்தச் சலுகைகளை நன்றாகப் பயன்படுத்தினார், சில ஆலைகளை நிமிர்த்தியதும் லாபத்துக்கு விற்றார். இதைத் திறமை என்பவர்களும் உண்டு, அரசுப் பணத்தில் ஆதாயம் பார்த்தார் என்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. 1988இல் நிறுவனம் பாரிஸ் பங்குச்சந்தைக்கு வந்தது.

மரத்திலிருந்து ஃபேஷனுக்கு எப்படித் தாவினார்?

ஒரே தாவலில் இல்லை, கடைகள் வழியாக. 1990இல் ஆப்பிரிக்காவில் வணிகம் செய்த சிஎஃப்ஏஓ, 1991இல் கொன்ஃபொராமா மரச்சாமான் கடைகள், 1992இல் பிராந்தான் பல்பொருள் அங்காடியும் அதோடு சேர்ந்த லா ரெதூத் அஞ்சல்வழி விற்பனையும், 1994இல் ஃப்னாக் புத்தக, இசைக் கடைகள். குழுமத்தின் பெயர் பினோ-பிராந்தான்-ரெதூத் ஆனது. குடும்ப முதலீடுகளுக்கென்று ஆர்தெமிஸ் என்ற தனி நிறுவனத்தை 1992இல் தொடங்கினார். மறு ஆண்டு பொர்தோவின் புகழ்பெற்ற ஷத்தோ லத்தூர் திராட்சைத் தோட்டத்தை ஆர்தெமிஸ் வாங்கியது. பிறகு லெ புவான் வார இதழும், ரென் நகரக் கால்பந்து அணியும் வந்தன.

கூச்சிக்காகப் பெரிய சண்டை நடந்ததாமே?

ஆமாம், 1999இல். எல்விஎம்ஹெச் என்ற போட்டி ஆடம்பரப் பொருள் குழுமத்தின் பெர்னார் ஆர்னோ சந்தையில் கூச்சியின் பங்குகளைச் சத்தமில்லாமல் சேர்த்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துவிட்டார். கூச்சி நிர்வாகம் அவரிடம் போக விரும்பவில்லை. அந்த நேரத்தில் பினோ நுழைந்தார். புதிதாக வெளியிடப்பட்ட பங்குகளை வாங்கி, ஏறக்குறைய 300 கோடி டாலருக்கு 40 சதவீதத்தைப் பெற்றார். அதே வேகத்தில் ஈவ் சான் லோரானையும் வாங்கி கூச்சியின் கீழ் கொண்டுவந்தார். வழக்குகள் நடந்தன. 2001 செப்டம்பரில் சமரசம் ஆனது, ஆர்னோ விலகினார்.

அன்றிலிருந்து பிரான்சில் இந்த இருவரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தித்தான் பேசுகிறார்கள். அது கலைக்கும் பரவியது. 2014இல் ஆர்னோவின் லூயி வித்தோன் அறக்கட்டளை பாரிஸில் ஃபிராங்க் கேரி வடிவமைத்த கண்ணாடிக் கட்டடத்தைத் திறந்தது. பினோவின் பாரிஸ் காட்சிக்கூடம் திறந்தது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான்.

கலை மீது ஆர்வம் எப்போது வந்தது?

நடுவயதில். மனைவி மரிவோன் பழம்பொருள் வணிகம் செய்தவர். அழகுப் பொருள்களைப் பார்க்கும் கண்ணை இவருக்குத் திறந்துவிட்டவர் அவர்தான் என்பார்கள். 1980 வாக்கில் பினோ வாங்கிய முதல் முக்கியமான ஓவியம் போல் செருசியே வரைந்த பிரிட்டனிப் பண்ணை முற்றம். அதில் இருந்த பெண் தன் பாட்டியை நினைவூட்டியதால் வாங்கினார்.

எனக்கு இந்தத் தொடக்கம் பிடித்திருக்கிறது. முதலீட்டு ஆலோசகர் பட்டியலிலிருந்து அது வரவில்லை. ஆனால் அங்கேயே நின்றிருந்தால் ஊர் நினைவுகளைச் சேர்க்கும் இன்னொரு பணக்காரராக முடிந்திருப்பார். அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். 1990இல் பீட் மாண்ட்ரியனின் சாய்சதுர ஓவியம் ஒன்றை வாங்கினார்: வெள்ளைப் பரப்பு, சில கறுப்புக் கோடுகள், ஓரங்களில் கொஞ்சம் நிறம், அவ்வளவுதான். பாட்டியின் முகத்திலிருந்து அந்தக் கோடுகளுக்கு வந்து சேர ஒருவருக்குப் பத்து ஆண்டு ஆகியிருக்கிறது. அந்தப் பத்து ஆண்டும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பதுதான் இதன் பொருள்.

எந்த மாதிரிப் படைப்புகளை வாங்குவார்?

பெரும்பாலும் 1960களுக்குப் பிந்தையவை. ஒரு பக்கம் அமெரிக்க மினிமலிசம், இத்தாலியின் ஆர்ட்டே பொவேரா போன்ற சிக்கனமான, அமைதியான படைப்புகள். மறுபக்கம் ஜெஃப் கூன்ஸ், டேமியன் ஹர்ஸ்ட், மௌரிசியோ கட்டெலான் போன்றவர்களின் பளபளப்பும் அதிர்ச்சியும். இரண்டு குணமும் ஒரே ஆளிடம் இருப்பது சிலருக்குப் புரியவில்லை.

ஒரு கலைஞரைப் பிடித்துவிட்டால் ஒன்றோடு நிறுத்தமாட்டார். ஜெர்மன் ஓவியர் சிக்மார் போல்கே 2007இல் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் வைத்த பெரிய ஓவியத் தொடரை முழுவதுமாக வாங்கி, பிரியாமல் ஒரே இடத்தில் தொங்கவிட்டார். ருடால்ஃப் ஸ்டிங்கல், உர்ஸ் ஃபிஷர், மார்லீன் டூமாஸ் ஆகியோரின் படைப்புகளும் இவரிடம் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவை. ஆளுக்கு ஒன்று என்று வாங்கி வைத்தால் ஒரு கலைஞரின் வளர்ச்சி தெரியாது. சேகரிப்பின் தரத்தை அளக்க நான் முதலில் பார்ப்பது இந்த ஆழத்தைத்தான்.

ஆலோசகர்கள் உண்டா? உண்டு. கிறிஸ்டீஸில் இருந்த ஃபிலிப் செகலோ நீண்ட காலம் உடன் இருந்தார். பிரான்சின் பண்பாட்டு அமைச்சராக இருந்த ழான்-ழாக் அயாகோன் பிறகு இவருடைய காட்சிக்கூடங்களுக்குத் தலைமை ஏற்றார்.

இந்தியக் கலைஞர்கள் யாரேனும் அவர் சேகரிப்பில் இருக்கிறார்களா?

சுபோத் குப்தா இருக்கிறார். எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிச் செய்த பிரம்மாண்டமான மண்டையோட்டை பினோ வாங்கி, 2007இல் வெனிஸில் தன் காட்சிக்கூடமான பலாஸ்ஸோ கிராஸ்ஸி மாளிகைக்கு முன்னால், பெரும் கால்வாய் ஓரத்தில் வைத்தார். படகில் போன எல்லோர் கண்ணிலும் பட்ட அந்த ஒரு காட்சி, குப்தாவின் பெயரை ஐரோப்பாவில் நிலைநிறுத்தியதில் பெரும் பங்கு வகித்தது. இப்படி ஒரு சேகரிப்பாளர் ஒரு கலைஞரின் தலையெழுத்தை மாற்ற முடியும். அது நல்லதா என்பது அடுத்த கேள்வியோடு சேர்ந்தது.

ஏல நிறுவனத்துக்கும் உரிமையாளர், சேகரிப்பாளரும் அவரே. இதில் சிக்கல் இல்லையா?

இருக்கிறது. இதை மழுப்பக் கூடாது.

கிறிஸ்டீஸ் 1766இல் லண்டனில் தொடங்கப்பட்டது. பினோ 1998இல் சுமார் 120 கோடி டாலருக்கு அதை வாங்கி, பங்குச்சந்தையிலிருந்து விலக்கித் தனியார் நிறுவனமாக ஆக்கினார். வாங்கிய கொஞ்ச காலத்திலேயே ஒரு புயல்: கிறிஸ்டீஸும் போட்டியாளரான சோதபீஸும் 1990களில் கமிஷன் விகிதத்தை ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டது வெளியே வந்தது. கிறிஸ்டீஸ் அமெரிக்க அரசுக்கு ஒத்துழைத்துத் தண்டனையிலிருந்து தப்பியது. சோதபீஸின் தலைவர் சிறைக்குப் போனார். அந்தக் கூட்டு பினோ வருவதற்கு முன்பே தொடங்கியது.

இப்போது அடிப்படைச் சிக்கலைப் பார்ப்போம். ஒரு கலைஞரின் படைப்புகள் ஒருவரிடம் நிறைய இருக்கின்றன. அவருடைய காட்சிக்கூடத்தில் அதே கலைஞருக்குப் பெரிய கண்காட்சி நடக்கிறது. அவருடைய ஏல நிறுவனத்தில் அதே கலைஞரின் படைப்பு புதிய உச்ச விலைக்குப் போகிறது. மூன்று இடத்திலும் லாபம் ஒரே குடும்பத்துக்கு. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் கலைச்சந்தையில் விலை எப்படி உருவாகிறது என்பது வெளியாட்களுக்குத் தெரியவே தெரியாது. ஏலத்துக்கு முன்பே “இந்த விலைக்குக் குறையாமல் நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று நிறுவனமோ மூன்றாம் நபரோ விற்பவருக்கு உத்தரவாதம் தருவது இன்று சாதாரணம். அப்படி உத்தரவாதம் உண்டு என்பதைப் பட்டியலில் ஒரு குறியீடு காட்டும், தருபவர் யார் என்பதைக் காட்டாது.

2017இல் ஹர்ஸ்டுக்கு வெனிஸில் தன் இரண்டு கட்டடங்களையும் பினோ முழுவதுமாகக் கொடுத்தார். கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த புதையல் என்று கற்பனையாகச் சொல்லி, வெண்கலமும் பளிங்கும் குவித்த கண்காட்சி. அதே படைப்புகளின் பிரதிகள் அந்தச் சமயத்தில் தனியார் கேலரிகள் வழியாக விற்பனைக்கும் இருந்தன. அருங்காட்சியகம் எங்கே முடிகிறது, விற்பனைக்கூடம் எங்கே தொடங்குகிறது என்று அன்று பல விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு இன்றுவரை நிறைவான பதில் வரவில்லை.

பினோவின் தரப்பில் சொல்வதற்கு ஒன்று உண்டு: தன் சேகரிப்பின் பெரும்பகுதியை அவர் விற்காமல் வைத்திருக்கிறார், தொடர்ந்து காட்டுகிறார். விற்பதற்காகவே வாங்குகிறவர் இத்தனை ஆண்டு கட்டட வாடகையும் காவலும் காப்பீடும் சுமக்கமாட்டார்.

உலகின் மிக விலையுயர்ந்த ஓவியத்தை விற்றது கிறிஸ்டீஸ்தானா?

ஆம். லியோனார்டோ டா வின்சியின் பெயரில் உள்ள சால்வத்தோர் முந்தி, 2017 நவம்பரில் நியூயார்க்கில் 45 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. லியோனார்டோவுடையதா என்ற விவாதம் ஓயவில்லை. ஒன்று கவனியுங்கள்: பழங்கால ஓவியமான அதைச் சமகாலக் கலைக்கான மாலை ஏலத்தில் சேர்த்துத்தான் விற்றார்கள். பெரும்பணம் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பாரிஸ்காரர் ஏன் வெனிஸுக்குப் போனார்?

பாரிஸ் நிர்வாகம் இழுத்தடித்ததால். பாரிஸை ஒட்டிய செகன் தீவில் ரெனோ கார் தொழிற்சாலை 1992இல் மூடப்பட்டு, பாழாகக் கிடந்தது. அங்கே ஓர் அருங்காட்சியகம் கட்டுவதாக 2000இல் பினோ அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோவின் வடிவமைப்பு தேர்வானது. அனுமதி, ஆட்சேபம், சுற்றுப்புறத் திட்டம் என்று ஆண்டுகள் ஓடின. 2005 மே மாதம் லெ மோந்த் நாளிதழில் நேரடியாகக் கட்டுரை எழுதித் திட்டத்தைக் கைவிட்டார். என் வயதுக்கு இனிக் காத்திருக்க முடியாது என்பதே அதன் சாரம். அப்போது அவருக்கு 68. தீவில் பிறகு 2017இல் ஓர் இசை அரங்கம் வந்தது.

அதே சமயம் வெனிஸில் ஃபியட் நிறுவனம் தன்னிடமிருந்த பலாஸ்ஸோ கிராஸ்ஸியை விற்க முடிவெடுத்திருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஜார்ஜோ மஸ்ஸாரி கட்டிய மாளிகை. பினோ 2.9 கோடி யூரோவுக்கு 80 சதவீதத்தை வாங்கினார். மீதி வெனிஸ் நகரத்தின் சூதாட்ட நிறுவனத்திடம் இருந்தது. பாரிஸில் ஐந்து ஆண்டில் ஒரு செங்கல்கூட வைக்க முடியவில்லை. வெனிஸில் ஓராண்டுக்குள், 2006 ஏப்ரல் இறுதியில், கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டாவது கட்டடம் புன்டா டெல்லா டொகானா. பெரும் கால்வாய் கடலோடு சேரும் முனையில் நிற்கும் 17ஆம் நூற்றாண்டுச் சுங்கக் கிடங்கு, பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. நகராட்சி வைத்த போட்டியில், கலை அருங்காட்சியகங்கள் நடத்தும் அமெரிக்காவின் குகன்ஹைம் அறக்கட்டளையைத் தோற்கடித்து, 2007இல் 33 ஆண்டுக் குத்தகையைப் பெற்றார். சுமார் 2 கோடி யூரோ செலவில் புதுப்பித்து 2009 ஜூனில் திறந்தார்.

எல்லாக் கட்டடங்களுக்கும் ஆண்டோதானா?

எல்லாவற்றுக்கும். ஆண்டோ ஒசாகாக்காரர், 1941இல் பிறந்தவர், இளமையில் குத்துச்சண்டை வீரர், கட்டடக் கலையைத் தானே கற்றவர், 1995இல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கியவர். பள்ளிப் படிப்பை முடிக்காத பினோவுக்கும் கல்லூரிப் படிப்பு இல்லாத ஆண்டோவுக்கும் ஒத்துப்போனதில் வியப்பில்லை.

ஆண்டோவின் வேலையில் நான் மிகவும் மதிப்பது அதன் பணிவு. பழைய கட்டடத்தின் மேல் அவர் ஏறி உட்காருவதில்லை. டொகானாவில் செங்கல் சுவர்களையும் மரக் கூரையையும் அப்படியே விட்டுவிட்டு, நடுவில் மட்டும் வழுவழுப்பான கான்கிரீட்டில் ஒரு சதுர அறை எழுப்பினார். உப்புக்காற்று தின்ற செங்கல்லும் புதிய கான்கிரீட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எது எந்தக் காலத்தது என்பதில் பார்ப்பவருக்குக் குழப்பமே வராது.

பாரிஸில் உள்ள பூர்ஸ் தெ கொமெர்ஸ் என்ன கட்டடம்?

பாரிஸின் நடுவில், லே ஆல் பகுதியில் உள்ள வட்டக் கட்டடம். பினோவின் மூன்று கட்டடங்களில் மிகச் சிறந்தது இதுதான்.

1760களில் நிக்கோலா லெ கமுய் தெ மெசியேர் இதைத் தானியச் சந்தையாகக் கட்டினார். நடு முற்றத்துக்கு 1783இல் மரக் குவிமாடம் போட்டார்கள், 1802இல் அது தீயில் போனது. அடுத்து இரும்புக் குவிமாடம் வந்தது; அவ்வளவு பெரிய குவிமாடத்தை இரும்பில் செய்தது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். 1889இல் ஆன்ரி ப்ளோந்தெல் கட்டடத்தை மாற்றியமைத்து வணிகச் சந்தை ஆக்கினார். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் உயரமான கல்தூண் 16ஆம் நூற்றாண்டில் ராணி கத்தரின் தெ மெதிசி எழுப்பியது.

பாரிஸ் மாநகராட்சி இதை 50 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுப்பது 2016இல் அறிவிக்கப்பட்டது. கொரோனாவால் தாமதமாகி, 2021 மே 22 அன்று திறந்தது. பினோவுக்கு அப்போது 84 வயது.

ஆண்டோ இங்கே நடுக்கூடத்துக்குள் 29 மீட்டர் விட்டமும் 9 மீட்டர் உயரமும் கொண்ட கான்கிரீட் உருளைச் சுவரை நிறுத்தினார். பழைய சுவருக்கும் உருளைக்கும் இடையில் நடக்க இடம் உண்டு. படியேறி உருளையின் விளிம்பிலேயே சுற்றி வரலாம். குத்தகை முடிந்து யாராவது வேண்டாம் என்று நினைத்தால், பழைய கட்டடத்துக்குச் சேதமில்லாமல் இதை எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் வடிவமைத்திருக்கிறார்கள்.

மேலே அண்ணாந்து பார்த்தால், குவிமாடத்தின் அடியில் 1889ஆம் ஆண்டின் வட்ட ஓவியம். ஐந்து கண்டங்களின் வணிகத்தைக் காட்டுகிறது, அதாவது காலனி ஆதிக்கத்தின் பெருமிதத்தைக் காட்டுகிறது. ஐரோப்பியர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், மற்ற இனத்தார் சுமக்கிறார்கள். இதைத் திரைபோட்டு மறைக்கவில்லை. சுத்தம் செய்து, தெளிவாகத் தெரியும்படி வைத்தார்கள். கீழே, முதல் கண்காட்சியில், கறுப்பின அமெரிக்கக் கலைஞர் டேவிட் ஹேமன்ஸின் சுமார் 30 படைப்புகள். ஹேமன்ஸ் எளிதில் கண்காட்சிக்கு ஒப்புக்கொள்ளாதவர், ஐரோப்பாவில் அதுவரை அவருடைய இவ்வளவு படைப்புகள் ஓரிடத்தில் கூடியதே இல்லை. ஓவியத்துக்கு மறுப்பு எழுதி ஒட்டவில்லை. மேலே அது, கீழே இவர். பார்ப்பவரே இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கண்காட்சி அமைப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மெழுகுச் சிலை எரிந்ததைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அது என்ன?

அதே தொடக்கக் கண்காட்சியில், உருளைக்கு நடுவில் சுவிட்சர்லாந்துக் கலைஞர் உர்ஸ் ஃபிஷரின் படைப்பு நின்றது. ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள ஜாம்போலோன்யாவின் புகழ்பெற்ற பளிங்குச் சிற்பத்தை அதே அளவில் மெழுகில் வார்த்திருந்தார். சுற்றிலும் மெழுகு நாற்காலிகள், மெழுகில் செய்த ஓர் ஆள் உருவம். எல்லாவற்றிலும் திரி இருந்தது. திறப்பன்று ஏற்றினார்கள். மாதக்கணக்கில் எரிந்து, கை விழுந்து, தலை விழுந்து, தரையில் குவியலாக முடிந்தது.

உருகிப்போவதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: அவர் வாங்கியது அந்த மெழுகை அல்ல, அதை மறுபடி வார்த்து மறுபடி எரிக்கும் உரிமையை. இசையில் எழுதப்பட்ட சுரம் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் பாடினால்தான் பாட்டு. இதுவும் அப்படித்தான்.

எல்லாம் வரி மிச்சப்படுத்தத்தானே?

பாதி உண்மை. பிரான்சின் செல்வ வரிக் கணக்கில் கலைப்படைப்புகள் சேராது என்ற விலக்கு பல ஆண்டுகள் இருந்தது. பணக்காரர்கள் கலை வாங்க அது ஒரு காரணமாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. 2018இல் அந்த வரியே போய், நிலம், வீடு, கட்டடங்களுக்கான வரி மட்டும் மிஞ்சியது. ஆனால் வரிதான் நோக்கம் என்றால் படைப்புகளைக் கிடங்கில் பூட்டி வைத்தாலே போதும். மூன்று கட்டடங்களைப் புதுப்பித்து, ஊழியர்களை வைத்து, விலை குறைந்தாலும் குறையலாம் என்ற கலைஞர்களைக் காட்டுவது வரிக் கணக்கில் வருகிற வேலை அல்ல.

2019இல் நோத்ர்-தாம் தேவாலயம் எரிந்தபோது பினோ குடும்பம் 10 கோடி யூரோ தருவதாக அறிவித்தது. வரிக்கழிவு பற்றிச் சர்ச்சை கிளம்பியதும், அந்தக் கழிவைக் கோரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சட்டச் சிக்கல்களில் மாட்டியதுண்டா?

பெரியது ஒன்று. அமெரிக்காவில் எக்ஸிக்யூட்டிவ் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் 1991இல் சரிந்தது. அதன் கடன் பத்திரங்களைப் பிரெஞ்சு அரசு வங்கியான கிரெதி லியோனேயின் துணை நிறுவனம் வாங்கியது. பிறகு அதில் பெரும்பகுதி பினோவின் ஆர்தெமிஸுக்கு வந்தது. அந்தப் பத்திரங்களின் மதிப்பு பின்னர் ஏறியதால் கிடைத்த லாபம் ஆர்தெமிஸின் வளர்ச்சிக்குப் பெரிய துணை. அமெரிக்கச் சட்டத்தை மீறிய கைமாற்றம் என்று வழக்கு தொடர்ந்தது. பல ஆண்டுகள் இழுத்து, ஆர்தெமிஸ் பெரும் தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவருடைய கலைச் சேகரிப்பைப் புகழ்ந்து எழுதும் பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டக் கூடாது. படைப்புகளை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சேகரிப்பின் வரலாறுதான்.

சீனாவுக்குத் திருப்பிக் கொடுத்த வெண்கலத் தலைகள் என்ன கதை?

1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் பழைய கோடை அரண்மனையைச் சூறையாடின. அங்கிருந்து போன எலித் தலையும் முயல் தலையும் 2009இல் ஈவ் சான் லோரான் சேகரிப்போடு சேர்ந்து பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. ஏலம் நடத்தியது கிறிஸ்டீஸ். சீனா எதிர்த்தது. இரண்டுக்கும் சேர்த்து 3 கோடி யூரோவுக்கு மேல் கேட்ட சீனர், பிறகு பணம் தர மறுத்துவிட்டார். பினோ குடும்பம் அவற்றைத் தனியாக வாங்கி 2013இல் சீனாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதே ஆண்டு சீனப் பெருநிலத்தில் சொந்தமாக ஏலம் நடத்த கிறிஸ்டீஸுக்கு அனுமதியும் கிடைத்தது. வியாபாரக் கணக்கு அதில் இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் திருட்டுப் பொருள் உரிய இடத்துக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இப்போது தொழிலை யார் பார்க்கிறார்கள்?

மகன் பிரான்சுவா-ஆன்ரி பினோ. 2003இல் ஆர்தெமிஸையும் 2005இல் குழுமத்தையும் ஏற்றார். கடைகளை ஒவ்வொன்றாக விற்று, ஆடம்பரப் பொருள்களில் மட்டும் கவனம் வைத்தார். 2013இல் கெரிங் என்று பெயர் மாறியது. கூச்சியின் விற்பனை சரிந்த நிலையில், 2025 செப்டம்பரில் கெரிங்கின் தலைமைச் செயல் பொறுப்பை, ரெனோவிலிருந்து வந்த லூக்கா தெ மேயோவிடம் கொடுத்தார். திரைப்பட நடிகை சல்மா ஹயெக் இவருடைய மனைவி.

அவருக்குப் பிறகு இந்தச் சேகரிப்பு அரசுக்குப் போகுமா?

சேகரிப்பு குடும்பத்தின் உடைமை. டொகானாவும் பூர்ஸும் குத்தகைக் காலம் முடிந்ததும் அந்தந்த நகரத்துக்கே திரும்பும், புதுப்பித்த நிலையில். படைப்புகள் அப்படியல்ல. குடும்பம் நினைத்தால் வைத்திருக்கலாம், நினைத்தால் விற்கலாம். தனியார் சேகரிப்பை அருங்காட்சியகம் என்று அழைக்கும்போது இந்த வேறுபாடு மறந்துபோகிறது. அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியம் நம் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது. இங்கே அந்த உறுதி கிடையாது. பினோ இதைப் பற்றி ஒரு தெளிவான ஏற்பாட்டைத் தன் கையாலேயே செய்துவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்கலாம்?

முதல் முறை என்றால் பாரிஸில். பூர்ஸ் தெ கொமெர்ஸை அரை நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். உருளையின் மேல்விளிம்பு வரை கட்டாயம் ஏறுங்கள். குவிமாட ஓவியம் அங்கிருந்துதான் கிட்டத்தில் தெரியும். வெனிஸில் டொகானாவை முதலில் பார்த்துவிட்டு கிராஸ்ஸிக்குப் போவது நல்லது. நிரந்தரக் காட்சி எங்கேயும் கிடையாது. ஒவ்வொரு முறையும் சேகரிப்பிலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்து வேறு வேறு தலைப்பில் வைப்பார்கள். எனவே குறிப்பிட்ட கலைஞரைத் தேடிப் போகிறவர்கள் அப்போது என்ன கண்காட்சி நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுக்கவும். மூன்று இடங்களுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.